பிலோமினா அக்கா தேய்த்த சிப்பிகள்

1

போன வாரம் மூன்றாம் மாடி வீட்டுக்காரச் சிஞோரா என்னைக் குப்பைப் பையோடு கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். பலேர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நான் படிக்கட்டுக் கழுவுகிற கட்டிடங்களில் அதுவும் ஒன்று. முதல் நாள் அவர் வீட்டில் விருந்து. வாசலில் வைத்திருந்த பையை அவிழ்த்து, உள்ளே கிடந்த சிப்பி ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. சிஞோரா என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கதவை மெல்லச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு திறந்தது. கையில் ஒரு தட்டு நிறையப் பாஸ்தா.

"அந்தோனியோ, பசியென்றால் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"பசியில்லை சிஞோரா. இது மகளுக்கு. கடலில் போட."

"கடலில் போடவா? கடலில் இருந்துதானே வந்தது?"

இப்போது அவருடைய இரக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. பாஸ்தாவை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படியிலேயே இருந்து சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட.

அன்றைக்கே மன்னாரில் இருந்து தங்கச்சி போன் எடுத்தாள். கதையைச் சொன்னால் அவளுக்கும் அதே கேள்வி. "என்ன அண்ணை, உவள் யூனிவர்சிற்றியிலை படிக்கிறது கடலுக்கை குப்பை கொட்டவோ?"

பலேர்மோச் சிஞோராவுக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே சந்தேகம் என்றால், ஊரில் இன்னும் பலருக்கும் இருக்கும். அதனால் எழுதுகிறேன். சிப்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆட்களைப் பற்றித்தான் கூடத் தெரியும். எழுத்து அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் பக்கத்தில் சிப்பி ஓட்டுக்கு ஒரே வழிதான். கடலில் இருந்து கரைக்கு, கரையில் இருந்து சூளைக்கு, சூளையில் இருந்து சுவருக்கு. சுண்ணாம்பாகப் போகாத ஓடு தெருவில் கிடந்து காலை வெட்டும். கரைக்கு வந்த ஓட்டைத் திருப்பிக் கடலுக்குக் கொண்டுபோன ஒருவரை நான் அங்கே கண்டதில்லை. கண்டிருந்தால் நாங்களும் அவருக்குச் சோறு கொடுத்திருப்போம்.

இங்கே மகள் ரோசா சொல்லித்தான் எனக்கு மற்ற வழி தெரிந்தது. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரைகளிலும் சிப்பி கூட்டம் கூட்டமாக ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்ததாம். அள்ளி அள்ளித் தின்றார்கள், அழுக்குத் தண்ணீரை விட்டார்கள், போய்விட்டது. அந்தக் கூட்டத்துக்கு அவள் 'ரீஃப்' என்றாள். "நாங்கள் பார் எண்டு சொல்லுவம். முத்துச் சிப்பி கிடக்கிற இடத்துக்கு ஊரிலை அதுதான் பேர்" என்றேன். "பார்?" என்று சிரித்தாள். இத்தாலியில் பார் என்றால் கோப்பி குடிக்கிற கடை. இரண்டிலும் கூட்டம் கூடத்தானே செய்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் விளக்கம் கொடுத்தாள். அவளுடைய தமிழ் இப்படித்தான் வரும்.

"அப்பா, கேளுங்கோ. பேபி சிப்பி இருக்கே, அது நீந்தும். கொஞ்ச நாள்தான். பிறகு ஒரு போஸ்தோ தேடும், ஒரு இடம். பழைய சிப்பி ஓடு கிடைச்சா அதுக்கு விருப்பம். பிடிச்சா ஒட்டும். ஃபினீத்தோ. லைஃப் முழுக்க அங்கைதான்."

"உன்ரை கொப்பர் மாதிரி" என்றாள் என் மனைவி ஜெயா. "ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலை ரயிலாலை இறங்கின மனுசன். இண்டு வரைக்கும் அதிலை இருந்து நடக்கிற தூரத்துக்கைதான் சீவியம்."

அன்றைக்கு எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிலோமினா அக்கா. அவர் மீன் முள்ளைப் பிரித்தபடி சொன்னார்: "சிப்பிக்கு இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கத் தேவையில்லை. அதுதான் ஒரு வித்தியாசம்."

பிலோமினா அக்காவை உங்களுக்குச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து ஆள். எங்களுக்கு முன்னமே இங்கே வந்தவர். சொந்தப் பிள்ளை இல்லை. ஜெயாவும் நானும் விடியக் கிளம்பிப் பொழுதுபட வருகிற அந்த வருடங்களில், ரோசாவை வளர்த்தது அவர்தான். இரவில் ஒரு கிழவிச் சிஞோராவுக்குத் துணை, பகலில் எங்கள் பிள்ளைக்குத் துணை. எப்போது நித்திரை கொண்டார் என்று கேட்டால், "பஸ்ஸிலை" என்பார். அவர் வாயில் இருந்து வருகிறதெல்லாம் எனக்குப் பிடிக்கும். "தூசு வியாழக்கிழமையிலை லீவு எடுக்காது" என்பார். "சிஞோராவின்ரை வீட்டிலை கண்ணாடி துடைக்கேக்கை என்ரை முகத்தையும் சேர்த்துத் துடைச்சுப்போட்டு வந்திடுறன்" என்பார். பிறகு தானே சிரிப்பார்.

ரோசா படித்து முடிக்க ஒரே ஒரு ஆய்வுதான் பாக்கி. போன கோடையில் அவளும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் பலேர்மோ வளைகுடாவில் மூன்று இடங்களில் பழைய ஓடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். குஞ்சுச் சிப்பி எந்த இடத்தை விரும்பி வந்து ஒட்டுகிறது என்று இந்த வசந்தத்தில் எடுத்து எண்ணிப் பார்க்கவேண்டும். எந்த இடத்தில் புதிய பார் கட்டலாம் என்று அதை வைத்துத்தான் சொல்லமுடியும். எண்ணி, எழுதி, ஜூலையில் பேராசிரியர்கள் முன்னால் நின்று பேசினால் பட்டம். பட்டம் கிடைத்தால் இலையுதிர்காலத்தில் வடக்கே ஒரு நகரத்தில் மேலே படிக்க இடம் காத்திருந்தது. ஜூலை தவறினால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

ஜெயா ஜூலைக்காக ஒரு சேலை எடுத்து வைத்துவிட்டாள். வடக்குக்காக ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. வடக்கு என்ற சொல்லை யாரும் எங்கள் வீட்டில் பலமாகச் சொல்வதில்லை.

3

ஆள் போதாது என்று ரோசா முறையிட்டாள். புதிய பார் கட்டுவதற்காக உணவகங்களில் இருந்து வருகிற ஓடுகளைச் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, வலைப்பையில் கட்டவேண்டும். மாணவர்கள் முதல் நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு பரீட்சை வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் தேத்தண்ணியோடு நின்ற நேரம் நான் வாயைத் திறந்தேன். எங்கள் பெண்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரம் வீட்டு வேலைக்கு விடுமுறை. "இரண்டு மணித்தியாலம் கடற்காற்று வாங்கலாம்" என்றேன்.

"காத்து வாங்கவோ, எங்களை வைச்சுக் கழுவி வாங்கவோ?" என்றார் ஒருவர். ஆனாலும் வந்தார்கள். எல்லோரும் ரோசாவைக் குழந்தையில் தூக்கினவர்கள்.

வர முதலே காகிதம் வந்தது. தொண்டர்களுக்குக் காப்புறுதி வேண்டும், அதற்குப் பெர்மெஸ்ஸோப் பிரதி வேண்டும் என்று ஓர் அலுவலகம் கேட்டது. பிலோமினா அக்காவின் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. கையில் இருந்தது பற்றுச்சீட்டு மட்டும்.

"சம்பளத்துக்கு வேலை செய்த காலத்திலை ஒருத்தரும் பேப்பர் கேக்கேல்லை. இப்ப சும்மா செய்ய வந்தாக் கேக்கினம்" என்றார் அக்கா.

ரோசாதான் போய்ப் பேசினாள். சின்ன வயதில் கவுண்டருக்கு முகம் எட்டாமல் என் தோளில் இருந்துகொண்டு எங்களுக்காகக் கதைத்த பிள்ளை. இப்போது அவள் இத்தாலியன் கதைக்கத் தொடங்கினால் எதிரே இருக்கிறவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருகிறார். பற்றுச்சீட்டுப் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

கால்சாப் பகுதிக்கு அப்பால் கடலோரத்தில் மாணவர்களுக்கென்று ஒரு பழைய கொட்டில். முதல் சில வியாழக்கிழமைகளில் எங்கள் பெண்கள் அங்கே செய்த வேலையைப் பார்த்து, ரோசாவின் சிநேகிதி ஜூலியா வாயில் கை வைத்தாள். அந்தப் பிள்ளை ஓடுகளைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுகிற ஆள். இவர்கள் கம்பித் தூரிகையும் வினாகிரியும் வீட்டில் இருந்தே கொண்டுவந்து, விளிம்பு இடுக்கில் ஒட்டியிருந்த தசை வரைக்கும் தேய்த்து எடுத்தார்கள். அழுக்காக ஒன்றைத் திருப்பிக் கொடுக்க இவர்களுக்குத் தெரியாது. யாருடைய பொருளாக இருந்தாலும் சரி, கடலுடைய பொருளாக இருந்தாலும் சரி.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. மூன்று இடத்துக் கயிறுகளையும் கடலில் இருந்து எடுத்து, மூன்று தொட்டிகளில் கடல்நீர் விட்டு ஓடுகளை வைத்திருந்தார்கள். ரோசா எல்லோரையும் கூட்டி, ஒரு ஓட்டைக் கையில் எடுத்துக் காட்டினாள். பாசியும் சேறும் படிந்த ஓடு. அதன் மேல் நகம் வெட்டி எறிந்த துண்டு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"இதுதான் குஞ்சு. இந்தத் தொட்டி மூண்டையும் தொடாதேங்கோ, ப்ளீஸ். நாளைக்கு எண்ணவேணும்."

ஓடு கையிலிருந்து கைக்குப் போனது. "ஐயோ, எவ்வளவு சின்னன்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஜெயா அதை ஊதக்கூடப் பயந்தாள்.

பிலோமினா அக்கா அப்போது அங்கே இல்லை. அவருடைய சிஞோராவுக்கு விருந்தாளி வந்து, பின்னேர விடுமுறை அரைவாசியாகிப் போனது. அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்த நேரம் ரோசாவும் ஜூலியாவும் இறங்குதுறைப் பக்கம், நாங்கள் எல்லோரும் கொட்டிலுக்கு முன்னால் வெயிலில் வலை முடிந்துகொண்டிருந்தோம். அக்கா பின்வாசலால் உள்ளே போனார். பிந்தி வந்த வெட்கம். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ஏப்ரனைக் கட்டினார். மூன்று தொட்டி நிறைய ஊத்தை ஓடு. பக்கத்தில் இருந்த தொட்டியை இழுத்து வைத்துத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டபோதுதான் அவர் வந்ததே எனக்குத் தெரியும்.

மேசையில் ஒரு துவாயை விரித்து, அதன்மேல் ஓடுகளை வரிசை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். சிஞோராவின் வெள்ளிக் கரண்டிகளைக் காயவைக்கிற ஒழுங்கு அது. எல்லாம் பளபளவென்று இருந்தன. தொட்டி காலி.

எனக்குப் பின்னாலேயே ரோசா வந்துவிட்டாள்.

"பார் மகள், கண்ணாடி மாதிரி" என்றார் அக்கா.

ரோசா ஒரு ஓட்டை எடுத்து விரலால் தடவினாள். இன்னொன்றை எடுத்துத் தடவினாள். பிறகு, "பிராவா, சியா" என்றாள். நூல் மாதிரி மெலிந்த குரல். பிராவா என்றால் கெட்டிக்காரி; சியா என்றால் மாமி, சித்தி எல்லாம்தான். அக்காவை அவள் பேச்சுப் பழகின நாளில் இருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். ஓட்டைத் துவாயில் அதே வரிசையில் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய், இறங்குதுறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். உள்ளே வந்த ஜூலியாதான் தலையில் கை வைத்து அழுதாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. நான் என்னத்தைத் தேய்ச்சனான்?"

"குஞ்சுச் சிப்பி, அக்கா."

"உயிரோடையோ?"

"ஓம்."

அவர் தூரிகையைத் திருப்பிப் பார்த்தார். ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். வந்த பின்வாசலாலேயே போய்விட்டார்.

4

பேராசிரியர் கோபப்பட்டிருந்தால் ஆறியிருக்கும். அவர் பெருமூச்சு விட்டாராம். மூன்று இடத்தை ஒப்பிடுகிற ஆய்வில் ஒரு இடம் இல்லை. வருகிற கோடைக் குஞ்சுகளை எண்ணிக் குளிர்காலத்தில் பட்டத்துக்கு வரலாம். அல்லது இரண்டு இடத்தோடு ஜூலைக்கே வரலாம். ஆனால் மூன்றாவது எங்கே என்று பட்டம் கொடுக்கிற சபை கேட்கும், கேட்டுத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பும். "நான் கையெழுத்துப் போடுவேன். வாக்குக் கொடுக்கமாட்டேன்" என்றாராம்.

ரோசா ஜூலைக்கே போகிறேன் என்றாள்.

"அக்கா வேணுமெண்டோ செய்தவ?" என்று ஜெயா தொடங்கினாள்.

"லோ சோ, மம்மா." தெரியும் என்கிறாள். "எனக்குக் கோபம் இல்லை. எனக்கு..." சொல்லைத் தேடினாள். தமிழிலும் கிடைக்கவில்லை, இத்தாலியனிலும் கிடைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலியனில் பதில் சொல்வாள், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று கீழே விழுந்துவிடும். அன்றைக்கு விழுந்தது என்னவென்று நாங்கள் இருவரும் குனிந்து பார்க்கவில்லை.

பிலோமினா அக்கா வியாழக்கிழமைகளில் வரவில்லை. பூசைக்கு வந்தார், கடைசி வாங்கில் இருந்தார், பாட்டு முடியமுன் எழும்பிப் போனார். போனை எடுக்கவில்லை. ஜெயா கணவாய்க் கறி வைத்து யாரிடமோ அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். டப்பா கழுவித் துடைத்து, உள்ளே அக்கா சுட்ட பயற்றம் பணியாரத்தோடு, வேறு யாரோ கொண்டுவரத் திரும்பி வந்தது. ஆள் வரவில்லை.

மே முடிகிற நேரம் ரோசா என்னிடம், "அப்பா, சியா வீட்டை போவம்" என்றாள்.

ஸ்தாசியோனேக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை. கதவைத் திறந்த அக்கா என்னிடம் மட்டும் பேசினார். "இருங்கோ தம்பி. தேத்தண்ணி போடுறன்." ரோசாவின் பக்கம் கண் போகவில்லை.

"சியா," என்றாள் ரோசா. "ஜூன் மாசம் சிப்பி திரும்பக் குஞ்சு விடும். நீங்க தேய்ச்ச ஓடு அதுக்கு முதல் கடலுக்கை போகவேணும். நீங்க வாங்கோ."

"என்ரை கையாலை வேண்டாம் பிள்ளை. இது பொல்லாத கை."

"இந்தக் கைதான் எனக்குச் சோறு தீத்தினது."

நான் திரும்பிப் பார்த்தேன். தீத்துதல், ஊட்டிவிடுதல். அந்தச் சொல்லை நானே சொல்லிக் கனகாலம். அக்கா கேத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

"உந்தக் கதையெல்லாம் உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"நீங்கதான்."

அக்கா அழுதார், அழுதுகொண்டே ஏசினார். "மெலிஞ்சு போனாய். கொம்மா சமைக்கிறேல்லையோ? உந்தத் தலைமயிரை என்ன செய்து வைச்சிருக்கிறாய்?" எனக்குத் தேத்தண்ணி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் வந்தார். எதைத் தொட்டாலும் அனுமதி. "இந்தக் கயிறு பிடிக்கலாமோ? இந்த வாங்கிலை இருக்கலாமோ? இந்த வலையிலை உயிர் ஒண்டும் இல்லையே?" ஜூலியா சாண்ட்விச்சை நீட்டினபோது, "இதையும் எண்ணவேணுமோ எண்டு கேள்" என்றார். ரோசா மொழிபெயர்த்தாள். கொட்டில் முழுவதும் சிரித்தது.

தேய்த்த ஓடுகளை வலைப்பையில் கட்டித் துறை விளிம்புக்குக் கொண்டுபோனோம். கயிற்றை விடமுன் அக்கா குனிந்து, பையின் மேல் பெருவிரலால் சிலுவை போட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் நெற்றியில் நாங்கள் போடுகிற அதே சிலுவை. பிறகு மெல்ல இறக்கினார். தண்ணீர் மூடின பிறகும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

5

ஜூலையில் அந்த மண்டபத்தில் காற்று நின்றுபோயிருந்தது. மற்றப் பிள்ளைகளின் குடும்பங்கள் பூங்கொத்தும் பட்டம் வாங்கினவருக்குச் சூட்டுகிற இலைக்கிரீடமுமாக முன்வரிசைகளில். நாங்கள் பின்னால், வியாழக்கிழமைப் பெண்கள் எல்லோரும் சேலையில். ஜெயாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் பிலோமினா அக்கா. அக்காவின் கையில் செபமாலை இருந்தது, உருளவில்லை.

ரோசா நன்றாகப் பேசினாள். எனக்கு விளங்கினது பாதி. அவள் கை எங்கே காட்டினாலும் நான் தலையாட்டினேன். திரையில் இரண்டு இடங்கள் வந்தன. முடிந்தது. சபையின் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூன்று இடங்களில் தொடங்கியிருக்கிறீர்கள். மூன்றாவது எங்கே?"

அக்கா என் மனைவியின் கையைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது.

"மூன்றாவது இடத்து ஓடுகள் எண்ணுவதற்கு முன் சுத்தம் செய்யப்பட்டுவிட்டன" என்றாள் ரோசா. "தவறு என் ஒழுங்கில். செய்யக்கூடாததைத் தொடக்கத்தில் ஒரு முறைதான் சொன்னேன். எழுதியும் ஒட்டவில்லை. என் தொண்டர்கள் வேலைக்குப் போகிறவர்கள். வேலை விடுகிற நேரத்தில்தான் அவர்களால் வர முடியும். அதை நான் யோசித்திருக்கவேண்டும். யார் செய்தது என்பது முக்கியமில்லை."

"நோ, தொத்தோரெஸ்ஸா."

மண்டபம் முழுவதும் திரும்பியது. தலைவியை 'படித்த அம்மா' என்று கூப்பிட்டு எழும்பி நின்றவர் பிலோமினா அக்கா. ஜெயா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை. இத்தனை வருடம் சிஞோராக்களின் வீடுகளில் பழகின இத்தாலியன், பிசிறில்லாமல் வந்தது.

"நான்தான் தேய்த்தேன். இவள் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறாள். பிந்தி வந்தது நான். கேட்காமல் கை வைத்தது நான். இவளுக்கு மதிப்பெண் குறைக்கவேண்டாம்."

முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். ரோசா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அக்காவை நன்றாகப் பார்த்தார்.

"நீங்கள் யார், சிஞோரா? தாயா?"

அக்கா ஒரு கணம் ஜெயாவைக் குனிந்து பார்த்தார். ஜெயா சேலைத் தலைப்பை விட்டாள்.

"தாய் இந்தா இருக்கிறாள். இவள் குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டினவள் நான்."

முகத்தை மூடியிருந்த ரோசாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பின்வரிசையில் இருந்து தெரியவில்லை. தலைவி ஏதோ எழுதினார். பிறகு, "தயவுசெய்து அமருங்கள், சிஞோரா. அவர் முடிக்கட்டும்" என்று மரியாதையாகச் சொன்னார். ரோசா பக்கம் திரும்பி, அந்த ஓடுகள் இப்போது எங்கே என்று கேட்டார்.

"கடலில்" என்றாள் ரோசா. "ஜூனில் திரும்ப இறக்கினோம். எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எனக்கு இன்னும் தெரியாது. எண்ணும்போது நான் இந்த ஊரில் இருப்பேனா என்றும் தெரியாது. ஆனால் எண்ண ஆட்கள் இருக்கிறார்கள்."

எங்களை வெளியே அனுப்பாமல், தங்களுக்குள் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். அது நீண்ட நேரமாக எனக்குத் தோன்றியது. முன்வரிசை விசிறிகள் எல்லாம் நின்றுவிட்டன. பிறகு தலைவி எழுந்து, முடிவை வாசிக்கப்போகிறேன், எல்லோரும் எழுந்து நிற்கவும் என்றார். முழு மதிப்பெண் இல்லை, கொஞ்சம் குறைத்திருந்தார்கள். ஆனால் பட்டம், ஜூலையிலேயே.

மண்டபமே கதிரை இழுபடுகிற சத்தத்தோடு எழும்பியது. பிலோமினா அக்காவுக்கு மட்டும் எழும்பத் தேவையிருக்கவில்லை. அவர் அதுவரைக்கும் உட்காரவே இல்லை.